பனியிலும் மழையிலும் ஒரே வேகமா? நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, தமிழ்நாடு காவல்துறை

ஐயா, அம்மா, வணக்கம்.

சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை தமிழ்நாட்டுப் பகுதியில் முழுதாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்தச் சாலையில் வேக வரம்பு இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. மழை, பனி, நெரிசல், விபத்து, சாலைப் பணி என்று அந்தந்த நேரத்து நிலைமையைப் பார்த்து மாறுகிற வரம்பாக இருக்க வேண்டும். மாறிய எண் ஓட்டுநரின் தலைக்கு மேலே பலகையில் தெளிவாகத் தெரிய வேண்டும். பலகை காட்டிய எண்ணை வைத்துத்தான் கேமரா வண்டியைப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மனதார வரவேற்பேன். மாறாத எண்ணுக்குக் கேமராவை மட்டும் மாட்டுவதாக இருந்தால், இப்போதே என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்கிறேன்.

நான் வேலூரில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவன். எங்கள் ஊர் சவாரியில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிச் சவாரி. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்கு வருகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வருவோம். சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். காலை ஆறு மணி விமானம் என்றால் நள்ளிரவு தாண்டியதும் வண்டியை எடுக்க வேண்டும். பின் சீட்டில் வயிற்றில் தையலோடு ஒருவர் சாய்ந்து படுத்திருப்பார். சடன் பிரேக் போட்டால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் முன்னால் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நேரத்தில் காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டி வருகிறபோது பனி எப்படி இறங்கும் என்பது இந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வாலாஜாவைத் தாண்டி வருகிறவரை சாலை பளிச்சென்று இருக்கும். ஏரிப் பக்கம் வந்ததும் ஹெட்லைட் வெளிச்சம் முன்னே போகாமல் நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஹைபீம் போட்டால் இன்னும் மோசம். டிவைடரில் இருக்கும் அரளிச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகலாம். அந்த லாரிக்குப் பின்விளக்கே எரியவில்லை என்றால் அந்த வழியும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நான் 40-க்கு இறங்கிவிடுவேன். ஆனால் நான் 40-ல் போவது என் பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் இன்னும் பனிக்குள் நுழையவே இல்லை. அவருக்குச் சாலை தெளிவாக இருக்கிறது, வேகமாகப் போக அனுமதியும் இருக்கிறது. ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே 'முன்னால் பனி, 40' என்று ஒரு பலகை ஒளிர்ந்தால் அவரும் இறங்குவார், அவருக்குப் பின்னால் வருகிற ஆம்னி பஸ்ஸும் இறங்கும். ஒரு வண்டி மட்டும் மெதுவாகப் போனால் அந்த வண்டிக்கே ஆபத்து. எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே அளவில் மெதுவாகப் போனால்தான் யாருக்கும் பாதுகாப்பு.

போகிப் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாவதைப் பல வருடங்களாகப் பார்த்துவிட்டோம். விமான நிலையத்தில் ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து பார்த்துத்தான் விமானத்தை இறக்குகிறார்கள். அதே காலையில், அதே புகைக்குள், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற சனம் குழந்தை குட்டிகளோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பலகையில் இருப்பது நேற்று மத்தியானம் இருந்த அதே எண்தான்.

வேகத்தைப் பற்றி நம் நாட்டில் விவாதமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018 ஏப்ரலில் மத்திய அரசு விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120, நான்கு வழிச் சாலைகளில் 100 என்று வரம்பை உயர்த்தியது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, 2014-ல் இருந்த வரம்புக்குத் திரும்பச் சொன்னது. சாலை விபத்தில் படுகாயம் அடைந்த ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கில் வந்த உத்தரவு அது. உயிரிழப்பைப் பற்றிய நீதிமன்றத்தின் கவலை நூற்றுக்கு நூறு நியாயமானது. ஆனால் இரண்டு பக்கத்து வாதமும் 'எவ்வளவு' என்பதோடு நின்றுவிட்டது. 'எப்போது' என்ற கேள்வியை யாரும் எடுக்கவில்லை. வெயில் காயும் சித்திரை மாத மத்தியானத்தில் காலியான ஆறு வழிச் சாலையில் 100 என்பது ஒன்று. ஐப்பசி அடைமழையில், டயர் போகிற தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது 100 என்பது முற்றிலும் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120-ல் போகிற கார் விநாடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. எதிரே ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதிலேயே 50 மீட்டர் போய்விடும். அப்புறம் காய்ந்த சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய 80 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் டயரின் பிடி குறைவதால் அது 140 மீட்டர்வரை நீளும். ஆக மொத்தம் 190 மீட்டர். அதே மழையில் 80-ல் போயிருந்தால் 100 மீட்டருக்குள் நின்றுவிடலாம். நல்ல டயர், நல்ல பிரேக் உள்ள காருக்கே இந்தக் கணக்கு. தேய்ந்த டயரும் பாரமும் உள்ள வண்டிகளுக்கு இன்னும் கூடும்.

2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். இந்தக் கணக்கைத் தரும் மத்திய அரசின் அறிக்கையே, இறந்தவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்குக் காரணம் அதிக வேகம் என்கிறது. இந்த 'அதிக வேகம்' எத்தனை பேர் விஷயத்தில் பலகையில் எழுதியிருந்த எண்ணுக்கு மேல், எத்தனை பேர் விஷயத்தில் அந்த மழைக்கும் இருட்டுக்கும் மேல் என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இரண்டாவது வகையைப் பிடிக்க, அசையாத பலகையால் முடியாது.

இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 சாலையில் 1995-லேயே மாறும் வேக வரம்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே தார்ச் சாலைக்கு அடியில் கம்பிச் சுருள்களைப் புதைத்திருக்கிறார்கள். மேலே போகிற வண்டிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் அவை ஓயாமல் அளக்கும். முன்னால் வண்டிகள் நெருங்கத் தொடங்கினால், பின்னால் சில கிலோமீட்டருக்கு வழக்கமான 70 மைல் வரம்பு 60, 50, 40 என்று படிப்படியாக இறங்கும். எண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் எரிந்தால் அது சட்டம், மீறினால் கேமரா பிடிக்கும். வளையம் இல்லாமல் எண் மட்டும் தெரிந்தால் அது அறிவுரை. ஓட்டுநருக்குக் குழப்பமே இல்லை. வேக வரம்பே கிடையாது என்று நாம் கேள்விப்படுகிற ஜெர்மனியின் ஆட்டோபானிலும், நெரிசல் மிகுந்த பகுதிகளில் இப்படிப்பட்ட பலகைகள் உண்டு. எண் எரிந்துவிட்டால் அங்கும் அது கட்டாயம்தான்.

நெரிசலுக்கும் வேக வரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக ஒரு ஜப்பானிய ஆய்வைச் சொல்கிறேன். 2008-ல் வெளிவந்தது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை, டோல்கேட் இல்லை. சிறிது நேரத்தில் ஒருவர் லேசாகப் பிரேக் தொட, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, கடைசியில் சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. அந்த நெரிசல் அலையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. தீபாவளி முடிந்து எல்லோரும் சென்னை திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் அனுபவிப்பது இதைத்தான். அரை மணி நேரம் ஊர்ந்து முன்னே போய்ப் பார்த்தால் விபத்தும் இருக்காது, வண்டி பழுதாகியும் நிற்காது. பின்னால் வருகிறவர்களை முன்பே 80, 60 என்று இறக்கிக் கொண்டுவந்தால் இந்த அலை பெரிதாகாது. மெதுவாகப் போனாலும் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். இடையில் நடக்கிற பின்மோதல்களும் குறையும்.

நம்மிடம் இதற்கான கருவிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. நெடுஞ்சாலைகளில் தலைக்கு மேலே மின்னணுத் தகவல் பலகைகள் ஏற்கெனவே நிற்கின்றன. வண்டிகளை எண்ணும் கருவி, கண்காணிப்புக் கேமரா, வானிலையை அளக்கும் கருவி எல்லாமே நெடுஞ்சாலைப் போக்குவரத்து மேலாண்மைத் திட்டங்களின் பகுதிதான். 2023-ல் நீங்களே வெளியிட்ட புதிய விதிமுறையில் 10 கிலோமீட்டருக்கு ஒரு கேமரா, 100 கிலோமீட்டருக்கு ஒரு கட்டுப்பாட்டு மையம், 14 வகை சம்பவங்களைத் தானாகவே கண்டுபிடிக்கும் அமைப்பு என்றெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல திட்டம். என் கேள்வி ஒன்றுதான்: வானிலைக் கருவி பனியை அளந்த அடுத்த நிமிடம் அந்தத் தகவல் வேக வரம்பாக மாறிப் பலகைக்கு வருமா? ஓட்டுநராக நான் அந்தப் பலகைகளில் பெரும்பாலும் படிப்பது ஹெல்மெட் அணியுங்கள், சீட் பெல்ட் போடுங்கள், மது அருந்திவிட்டு ஓட்டாதீர்கள் என்ற வாசகங்களைத்தான். எல்லாமே தேவையான வாசகங்கள். ஆனால் அவற்றைச் சாதாரணத் தகரப் பலகையிலும் எழுதலாம். ஒளிரும் பலகை எதற்காக இருக்கிறதோ, அந்த வேலையை அதற்குக் கொடுங்கள்.

டெல்லிக்குப் பக்கத்தில் யமுனா விரைவுச்சாலையில் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. குளிர்காலப் பனிக்காக டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை வரம்பைக் குறைக்கிறார்கள். சமீபத்திய குளிர்காலங்களில் கார்களுக்கு 100 என்பது 75 ஆகியிருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் காலண்டரைப் பார்த்துப் பனி வருவதில்லை. ஜனவரி மாதம் வெயில் அடிக்கிற மத்தியானத்திலும் 75 என்றால், தினமும் போகிறவர் அந்த எண்ணை மதிப்பதை விட்டுவிடுவார். அப்புறம் நிஜமாகவே பனி மூடியிருக்கும் காலையிலும் மதிக்க மாட்டார். 75-கூட அதிகம் என்கிற அளவுக்குப் பனி இருந்தால் அதைச் சொல்வதற்கும் ஆள் இல்லை. எதற்காக என்ற காரணம் கண்ணுக்குத் தெரிகிற வரம்பைத்தான் மனிதர்கள் மதிப்பார்கள். சாலைப் பணி முடிந்து பல மாதம் ஆன இடத்திலும் '30' என்று நிற்கிற பலகையைப் பார்த்துப் பார்த்து, நிஜமாகவே ஆட்கள் இறங்கி வேலை செய்கிற இடத்தில் இருக்கிற '30'-ஐயும் யாரும் பொருட்படுத்தாமல் போவதை எல்லா நெடுஞ்சாலையிலும் பார்க்கிறோம். அந்த வேலையாட்களின் உயிருக்கு யார் பொறுப்பு?

இனி கேமரா விஷயத்துக்கு வருகிறேன்.

கேமரா வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பெங்களூரு–மைசூரு சாலையில் 2023-ல் அடுத்தடுத்து உயிர்கள் போனபின் கர்நாடகக் காவல்துறை கேமராக்களை வைத்து வேகத்தைக் கண்காணித்தது. அடுத்த வருடமே சாவு எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. கேமராவுக்கு ஆள் யார் என்று தெரியாது, பேரம் பேசத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காது. மஞ்சள் போர்டு வண்டியை மட்டும் ஓரங்கட்டி, வெள்ளை போர்டு பெரிய காரை விட்டுவிடாது. எங்களைப் போன்ற டிரைவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் கேமரா நியாயமாக இருக்க வேண்டும், நியாயமாக இருப்பது எங்களுக்குத் தெரியவும் வேண்டும். என்னோடு ஸ்டாண்டில் நிற்கிற ஒரு நண்பருக்கு, வேகமாகப் போனதாக வேறொரு மாவட்டத்திலிருந்து செல்போனில் சலான் வந்தது. சவாரி போய்ப் பல மாதம் கழித்து. படத்தில் நம்பர் பிளேட் இருந்தது, தேதி இருந்தது. எந்தக் கிலோமீட்டரில், அந்த இடத்தில் வரம்பு எவ்வளவு, அவர் போன வேகம் எவ்வளவு என்பது இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கப் போனால் நிலுவைச் சலானைக் கட்டிவிட்டு வா என்பார்கள். அதனால் பேசாமல் கட்டிவிட்டார். அந்தப் பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர் ஓட்டுகிற விதத்தில் ஒரு மாற்றமும் வரவில்லை. எந்த இடத்தில் என்ன செய்ததற்காக என்றே தெரியாதபோது மாற்றம் எப்படி வரும்?

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 136ஏ பிரிவு வந்தது. அதன்படி 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியைப் படித்துப் பார்த்தேன். கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருக்கிற பகுதி என்று முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். சலானில் தெளிவான படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். நல்ல விதி. அதை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மாறும் வரம்பு வருகிற இடத்தில் இன்னும் ஒன்று சேர வேண்டும்: அந்த வண்டி கடந்த விநாடியில் பலகை என்ன எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது என்ற பதிவு. வண்டியும் பலகையும் ஒரே படத்தில் விழுந்தால் இன்னும் நல்லது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முப்பது வருட அனுபவம் உள்ள இங்கிலாந்திலேயே இந்த இடத்தில்தான் சறுக்கல் நடந்தது. மாறும் வரம்புப் பலகைக்கும் கேமராவுக்கும் இடையே சில விநாடி தாமதம் இருந்ததால், 2021 முதல் சில ஓட்டுநர்கள் தவறாகப் பிடிபட்டிருக்கிறார்கள் என்று 2025 டிசம்பரில் அந்த நாட்டு நெடுஞ்சாலை நிறுவனமே அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும், உரிமத்தில் ஏற்றிய தண்டனைப் புள்ளிகளை நீக்குவதாகவும் சொன்னார்கள். மொத்தமாகப் பிடிபட்டவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பங்குதான். ஆனாலும் தாங்களே முன்வந்து சொன்னார்கள் பாருங்கள், அதை நான் மதிக்கிறேன். நாம் தொடங்கும்போதே பலகைக்கும் கேமராவுக்கும் ஒரே கடிகாரம் என்று வைத்துவிடலாம். எண் இறங்கியதும் உடனே பிடிக்காமல், பழைய எண்ணைப் பார்த்துக் கடந்தவர் பத்திரமாக வேகத்தைக் குறைக்க அவகாசம் கொடுத்த பிறகே கேமரா புதிய எண்ணுக்கு மாற வேண்டும். அந்த அவகாசம் எத்தனை விநாடி என்பதையும் அறிவிக்க வேண்டும். 100-ல் வருகிறவர் கேமராவுக்குப் பயந்து ஒரேயடியாகப் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர் மோதுவார். பாதுகாப்புக்காக வைத்த கருவியே விபத்தை உண்டாக்கிவிடும்.

மக்கள் நம்பிக்கை இல்லாமல் எண்ணை அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2023 ஜூனில் சென்னை மாநகரத்தில் பகலில் 40, இரவில் 50 என்று வரம்பை அறிவித்து ரேடார் கேமராக்களோடு அபராதம் போடப் புறப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி அது நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பரில் மறு ஆய்வுக்குப் பின் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வந்தது. இரண்டாவது அறிவிப்புக்குப் பெரிய எதிர்ப்பு வரவில்லை. வண்டிக்கு ஏற்ப, தெருவுக்கு ஏற்ப வரம்பு மாறியதை மக்கள் புரிந்துகொண்டார்கள். நேரத்துக்கு ஏற்ப மாறினாலும் புரிந்துகொள்வார்கள்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 112-ம் பிரிவைப் பாருங்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒரு குறிப்பிட்ட சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்த மாநில அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ உத்தரவிடலாம். அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மிகாமல் இருந்தால் அரசிதழ் அறிவிக்கைகூடத் தேவையில்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இரண்டு மணி நேரப் பனிக்கும், அரை நாள் மழைக்கும் இதைவிடப் பெரிய கதவு தேவையா? மாநில அரசு செய்ய வேண்டியதெல்லாம், கட்டுப்பாட்டு மையத்தில் யாருக்கு அந்த அதிகாரம் என்று ஒரு ஆணை போடுவதுதான். இந்த விரைவுச்சாலை கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலம் கடந்து ஓடுகிறது. மூன்று அரசுகளும் ஒரே மாதிரி ஆணை போட்டால்தான் காரியம் நடக்கும். குடிபாலாவில் எல்லையைத் தாண்டியதும் பலகையின் நிறமும் விதியும் மாறினால் ஓட்டுநர் என்ன செய்வார்? இந்த ஒருங்கிணைப்பை ஆணையத்தைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

சராசரி வேகத்தைப் பிடிக்கிற கேமரா பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் பிடிக்கிற கேமரா என்றால் அதைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர் என்று ஆகிவிடுகிறது. இப்போது செல்போன் மேப்பே 'முன்னால் கேமரா' என்று சொல்லிவிடுகிறது. இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் இந்த விளையாட்டு நடக்காது. தொப்பூர் கணவாய் மாதிரி இடத்துக்கு அதுதான் சரி. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற லாரிகளில் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகிறது. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த ஒரு லாரி அங்கே நின்றிருந்த வண்டிகள்மேல் வரிசையாக மோதி 4 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் கனரக வண்டிக்கு எப்போதுமே குறைந்த வேகம்தான், அது மாற வேண்டியதில்லை. ஆனால் எண் மாறுகிற சமவெளிப் பகுதியில் சராசரிக் கணக்கு சிக்கல். நடுவழியில் எண் மாறினால் எந்த எண்ணுக்குக் கணக்கு? அங்கே பலகையோடு சேர்ந்த கேமராவே போதும்.

இன்னொன்றை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதி ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் பலி என்ற செய்தி நம் நாளிதழ்களில் ஓய்ந்ததே இல்லை. விளக்கும் இல்லாமல், முக்கோணமும் வைக்காமல், பாதி லேனை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டி. நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடார் இன்று இருக்கிறது. கண்டுபிடித்த நொடியே பின்னால் உள்ள பலகைகளில் வரம்பு இறங்கி, அந்த லேன் மூடியிருக்கிறது என்று காட்டும் சிவப்புப் பெருக்கல் குறி விழ வேண்டும். வேகமாகப் போனவருக்கு மட்டும் சலான் போட்டு, நடுச்சாலையில் நிறுத்தியவரை விட்டுவிடுகிற கேமராவை நாங்கள் நியாயம் என்று ஏற்க மாட்டோம். இங்கிலாந்தில் நெரிசலைக் குறைக்க அவசர ஓரத்தையே ஓடும் லேனாக மாற்றிப் பார்த்தார்கள். பழுதாகி நிற்கிற வண்டிக்கு ஒதுங்க இடம் இல்லாமல் உயிர்கள் போயின. கடைசியில் 2023-ல் அத்தகைய புதுச் சாலைத் திட்டங்களை அரசே கைவிட்டது. மாறும் வரம்பைக் கொண்டு வரும்போது அந்தப் பகுதியை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு ஓரமும் வேண்டும், லாரிகள் நிறுத்திவிட்டுத் தூங்க இடமும் வேண்டும். டிரைவருக்குத் தூங்க இடம் கொடுக்காமல் ஓரத்தில் நிறுத்தாதே என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே போவார்?

நான் கேட்பது இவ்வளவுதான். திறப்பு விழாவுக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் முதல் வாலாஜா வரையாவது வானிலைக் கருவி, வண்டி எண்ணும் கருவி, பலகை, கேமரா நான்கையும் ஒரே கட்டுப்பாட்டு மையத்தில் இணையுங்கள். எந்தப் பார்வைத் தூரத்துக்கு, எந்த அளவு மழைக்கு எந்த எண் என்ற அட்டவணையைத் தமிழில் வெளியிடுங்கள். பலகையில் எண்ணோடு காரணத்தையும் காட்டுங்கள்: 'பனி', 'விபத்து', 'நெரிசல்' என்று ஒரு சொல் போதும். சலானைத் தமிழில் அனுப்புங்கள், அதை எதிர்த்துக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு பொறுப்பான அதிகாரியும் இருக்கட்டும். முதல் மூன்று மாதம் அபராதம் வேண்டாம், எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போகட்டும். அந்த மூன்று மாதத்தில் எந்த நேரம் எந்தப் பலகை என்ன எண்ணைக் காட்டியது, அப்போது வண்டிகள் என்ன வேகத்தில் போயின, எத்தனை விபத்து நடந்தது என்ற முழுப் பதிவையும் இணையத்தில் வையுங்கள். எங்கள் டிரைவர்கள் சங்கத்திலிருந்தும் சிலரை உட்கார வைத்து அதைப் பாருங்கள். அதன் பிறகு அபராதத்தைத் தொடங்குங்கள்.

இந்த மடலுக்கு உங்கள் மூன்று அலுவலகங்களில் யாராவது ஒருவர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஒரு டிராவல்ஸ் வண்டி ஓட்டுநர்